காளானைக் குளிப்பாட்டிய சம்பந்தியம்மாவுக்கு

இன்று காலை கிணத்துக்கடவில் உங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்திக் கதவைத் திறந்தேன். வைக்கோல் வேகும் வாசனை நேராக மூக்கில் ஏறியது. என் மகள், அதாவது உங்கள் மருமகள், கொல்லைப்புறத்தில் பெரிய டிரம்மில் காளான் படுக்கைக்கு வைக்கோல் வேகவைத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அந்த வாசனைக்குப் பின்னாலேயே நீங்களும் கையைத் துடைத்தபடி வந்துவிடுவீர்கள் என்று ஒரு நிமிடம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு என் முட்டாள்தனத்தை நானே திட்டிக்கொண்டு இறங்கினேன்.

நம் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆன புதிதில் நமக்குள் பேச எதுவுமே இருக்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? நான் கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் முப்பது வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். கணவர் போன பிறகு பொழுது போகாமல் ஒரு மேக்ரோ லென்ஸ் வாங்கி, மொட்டைமாடித் தொட்டியில் பூக்கும் அடினியத்தையும் ஜெர்பராவையும் கிட்டத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். நீங்களோ தென்னந்தோப்புக்குள் கொட்டகை போட்டுப் பால் காளான் வளர்த்து, நிற்க நேரமில்லாமல் இருந்தீர்கள். பார்க்கும்போதெல்லாம் “வாங்க சம்பந்தியம்மா, சாப்புடுங்க சம்பந்தியம்மா” என்பீர்கள். நானும் அதையே திருப்பிச் சொல்வேன். உங்களுக்கும் எனக்கும் மூன்று மாதம்தான் வயது வித்தியாசம். ஆனாலும் பெண்ணைக் கொடுத்தவள் நான், வாங்கியவர் நீங்கள். மரியாதை ஒரு முழம் கூடுதலாகவே கிடந்தது.

முதல் தடவை காளானைப் படம் எடுக்க வரட்டுமா என்று போனில் கேட்டேன். தாராளமாக வரச் சொன்னீர்கள். வந்து பார்த்தால் காளானெல்லாம் பறிக்கப்பட்டு, கழுவித் துடைக்கப்பட்டு, எவர்சில்வர் தட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் பட்ட இடமெல்லாம் பழுப்பேறிப்போயிருந்தது. முளைத்து நிற்கிறபடியே எடுக்கத்தான் வந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு என் முகம் புரிந்துவிட்டது.

“மனுசரயே குளிக்காம போட்டோ எடுக்கறதில்லைங்களே, அதானுங்க” என்றீர்கள்.

அன்றைக்குக் கொட்டகைக்குள் போனதும் ஈரச் சூட்டில் லென்ஸில் ஆவி படிந்துவிட்டது. நீலத் தார்ப்பாய்க் கூரை வழியாக வந்த வெளிச்சத்தில் வெள்ளைக் காளானெல்லாம் சொட்டு நீலம் போட்டதுபோல் விழுந்தது. ஒரு படமும் உருப்படவில்லை. எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. வாரம் ஒரு நாள் வரத் தொடங்கினேன்.

அப்படி ஒரு நாள் எடுத்த படம்தான் வினையாகிப்போனது. வைக்கோலை அடைத்துக் கட்டிய ஒரு படுக்கைப் பையின் ஓரத்தில் கடுகில் கால்வாசி இருக்கும் ஒரு பச்சைப் புள்ளி. லென்ஸை ஒட்டிக் கொண்டுபோனால், அடேயப்பா, அது ஒரு காடு. ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு நீர்த்துளி. பூஞ்சணம் என்று எனக்குத் தெரியாமலில்லை. முப்பது வருடம் அதைப் பார்த்தவள் நான். அழகாக இருந்தது, அவ்வளவுதான். “சம்பந்தியம்மா கொட்டகையில் ஒரு குட்டிக் காடு” என்று எழுதி, இரண்டு வீட்டுச் சொந்தங்களும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். பச்சை விழுந்தால் கொட்டகையே போகும் என்பதும், உங்களிடம் காளான் வாங்குகிற பாதிப் பேர் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள் என்பதும் என் மரமண்டைக்கு எட்டவில்லை. போன வாரம் எங்களுக்குக் கொடுத்தது இதுதானா என்று உங்கள் நாத்தனார் கேட்டிருந்தார். அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருந்தீர்கள்: “ரொம்ப நல்லா இருக்குதுங்க சம்பந்தியம்மாங்க. சந்தோசமுங்க.”

நான் பாராட்டு என்று நினைத்து ஒரு பூச்செண்டு எமோஜி வேறு அனுப்பிவைத்தேன். பத்து நிமிடத்தில் மகள் கூப்பிட்டாள்.

“அம்மா, அத்தை ரண்டு வரியில மூணு ‘ங்க’ போட்டிருக்காங்க. என்ன பண்ணிப்போட்டீங்க?”

நம் ஊரில் ஒருவர் கோபத்தில் கத்தினால் பயமில்லை. மரியாதை கூடினால்தான் பயப்பட வேண்டும். அடுத்த மூன்று வாரம் நான் போன் செய்தபோதெல்லாம் “நல்லா இருக்கறனுங்க, சாப்புட்டனுங்க, வெச்சறட்டுங்களா” என்று மூன்றே பதில் வந்தது. மகள் அந்த வீட்டில் வாழ்கிறவள், அவளுக்கு ஏதும் சங்கடம் வருமோ என்று முதலில் பயந்தேன். அவளை நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம்தான் என் நிஜமான பயம் எனக்கே தெரிந்தது. வாரம் ஒரு நாள் போய் நிற்க எனக்கு இருந்த ஒரே இடத்தை நானே கெடுத்துக்கொண்டேன் என்பதுதான் அது. அறுபது வயதுக்கு மேல் ஒரு சிநேகிதி கிடைப்பது லேசான காரியமா? கேமராவைத் தொடவே பிடிக்காமல் கிடந்தேன்.

நாலாவது வாரம் ஒரு காலையில் என் வீட்டு மணி அடித்தது. திறந்தால் நீங்கள். பொள்ளாச்சி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னீர்கள். கட்டைப்பையில் ஈரத்துணி சுற்றிய ஒரு காளான் படுக்கை. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். நீங்கள் விடவில்லை.

“அன்னைக்கு நீங்க படத்துல காட்டுன பச்சை, எம்பட கண்ணுக்கு ரண்டு நாள் கழிச்சுத்தானுங்க தெரிஞ்சுது. படத்தப் பாத்தன்னைக்கே அந்தப் படுக்கையத் தனியாத் தள்ளி வெச்சதாலதான் மத்ததக் காப்பாத்துனேன். இப்ப மறுக்கா வந்திருக்குது. எங்கிருந்து வருதுன்னு உங்க லென்ஸுலதான் பாக்கோணுங்க.”

சமையல் மேடையிலேயே வைத்து எடுத்தேன். நீங்கள் சன்னல் வெளிச்சத்தை வெள்ளைத் தாளால் திருப்பிப் பிடித்தீர்கள். லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தபோது மூன்று பச்சைப் புள்ளிகள், மூன்றும் காளான் முளைப்பதற்காகப் படுக்கையைக் கத்தியால் பாதியாக அறுத்த விளிம்பில். ஒவ்வொன்றின் பக்கத்திலும் முடியைவிட மெல்லிய ஒரு சிவப்பு நூல். இந்த நூல் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே திரும்பினேன். உங்கள் தோளில் சிவப்புக் காசித்துண்டு. ஒவ்வொரு படுக்கையை அறுத்ததும் கத்தியையும் அறுத்த இடத்தையும் சுத்தமாக அந்தத் துண்டால் துடைத்துவிட்டுத்தான் நீங்கள் அடுத்ததைத் தொடுவீர்கள். சுத்தம் பார்த்துப் பார்த்தே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நோயைக் கொண்டுபோயிருக்கிறீர்கள்.

துண்டை எடுத்துப் பார்த்தீர்கள், திரையைப் பார்த்தீர்கள். அப்புறம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். நானும்தான். எதற்குச் சிரிக்கிறோம் என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அதன்பிறகு நாம் சுற்றிய சுற்றைச் சொன்னால் ஊர் சிரிக்கும். கத்தியை நெருப்பில் காட்டி அறுக்கத் தொடங்கினீர்கள், பச்சை வருவது நின்றது. வாரா வாரம் படுக்கைகளை நான் படம் எடுத்துப் பரிசோதித்த பிறகு செம்பருத்திக்கும் கோழிக்கொண்டைக்கும் போவோம். காற்றை மறைக்க நீங்கள் குடை பிடிப்பீர்கள். ஒரு புது ரகச் செம்பருத்தி ஆடிக்கொண்டே இருந்தபோது, “செத்த நேரம் ஆடாம நில்லுங்க” என்று அதனிடம் சொன்னீர்கள். பூவுக்குமா ‘ங்க’ என்று நான் கிண்டல் செய்தேன்.

“இன்னைக்குத்தானுங்களே பாக்கறோம். பழகட்டும், அப்புறம் பாக்கலாமுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. பழகி ஆறு வருடமாகியும் எனக்கு ‘ங்க’ குறையவில்லையே என்று. சம்பந்தி முறை அப்படி, நீங்கள் என்ன செய்வீர்கள்? நானும்தான் குறைக்கவில்லை. ஆனால் பொறாமையாகத்தான் இருந்தது, அதை இப்போது சொன்னால் என்ன. உங்கள் வீட்டுப் பழைய செம்பருத்தியை நீங்கள் ‘வாடி, போடி’ என்பீர்கள்.

கடைசி மாதம் உங்களால் கொட்டகைக்கு நடக்க முடியவில்லை. பகல் முழுக்கச் சன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தீர்கள். ஒரு நாள் புதிதாக முளைவிட்ட காளான் மொட்டைப் படம் எடுத்துப் பிரிண்ட் போட்டு வந்து உங்கள் கையில் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தீர்கள்.

“கோணலா இருக்குது அம்மணி. போயி மறுக்கா எடுத்துட்டு வா.”

உங்கள் மகன் திடுக்கிட்டு என் முகத்தைப் பார்த்தார். மாமியாரிடம் அம்மா இப்படிப் பேசிவிட்டார்களே என்று அவருக்கு. நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். மண்டி போட்டு, மூச்சைப் பிடித்து எடுத்தேன். நாலு தடவை எடுத்துவிட்டு வந்து கேமராவிலேயே காட்டினேன். “இப்பச் செரி” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அடுத்த வாரம் போய்விட்டீர்கள்.

எனக்கு விருதுகள் ஒன்றும் கிடைத்ததில்லை. கிடைத்திருந்தாலும் அந்த ‘வா’வுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். படம் எடுத்துச் சரியில்லை என்று தோன்றும்போதெல்லாம் அது காதில் கேட்கிறது, மறுபடி மண்டி போடுகிறேன். முட்டி வலிக்கிறது, பரவாயில்லை.

இத்தனை நேரம் எழுதிய ‘நீங்கள்’ எல்லாம் கை பழக்கம். நீயும் நானும் பழகியாயிற்று. நீ இல்லாதது கஷ்டமாகத்தான் இருக்கிறது, அம்மணி. உன் மருமகள் வைத்த புதுப் படுக்கையில் இன்று மொட்டு விட்டிருக்கிறது. நான் எடுத்த முதல் படம் கோணல். போய் மறுக்கா எடுத்துட்டு வாரேன், இரு.