வெள்ளி பன்னிரண்டரை, மூதூர்

நவம்பர் 10, திங்கள்

விடியலிலிருந்து மழை. துறைமுகப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. குசினி யன்னல் மறுபடி ஒழுகுகிறது.

எங்கள் பெண்கள் உதவி அலுவலகத்துக்குப் புதுக் கார், வெளிநாட்டு நன்கொடை. மின்சாரத்தில் ஓடும், கதைக்கவும் செய்யும். பணிப்பாளர் ஜெ. எல்லோரையும் மழையில் நிறுத்தி அதைக் கதைக்க வைத்தார். "வணக்கம், இன்று உங்கள் மனநிலை எப்படி?" என்றது. காவலாளி பயந்துபோய் "சுகம், சுகம்" என்றார்.

பிறகு கார்க் கம்பெனி முதலாளியின் வீடியோ. பெரிய பணக்காரராம். மேடையில் அங்குமிங்கும் நடந்து, "எங்களை நம்புங்கள்" என்கிறார். அப்படிச் சொன்னவர்களை இந்த ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. அவர்கள் சீருடையாவது போட்டிருந்தார்கள்.

"அக்காக்கு ஒண்டுமே பிடிக்காது" என்றார் ஜெ.

"ஓம்" என்றேன்.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். பழைய வான் பழுதாகிக் கராஜில். வேறு வழியில்லை, புதுக் கார்தான். குறிஞ்சாக்கேணி றஹீமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தேன். கை முறிவு. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரித் துண்டில் எழுதியிருக்கிறது. அந்தக் கிணற்றடி இவளை மட்டும் அடிக்கடி வழுக்கிவிடுகிறது.

மேசைக்கு முன்னால் கதிரையில் இருத்தினால் இந்தப் பெண்கள் வாய் திறக்கமாட்டார்கள். அதனால்தான் நான் ஓட்டிக்கொண்டே கேட்பது. என் கண் ரோட்டில், அவர்கள் கண் யன்னலில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. கிண்ணியாப் பாலம் வரும்போது கதை வரும்.

இன்றும் வந்தது.

"வெள்ளிக்கிழம ஜும்மாக்கு ஆம்பிளையள் எல்லாரும் பள்ளிக்குப் போயிடுவாங்க மெடம். தெருவில ஒருத்தரும் இரிக்கமாட்டாங்க. பன்னிரண்டரைக்கு வந்தீங்கண்டா புள்ளையையும் தையல் மெஷினையும் ஏத்திக்கிட்டு மூதூருக்கு, கூடப்பொறந்த ராத்தாட வீட்ட போயிடுவன். மெஷின் இரிந்தா ஒருத்தர்ட்டயும் கை நீட்டத் தேவல்ல."

கார் இடையில் புகுந்தது: "வெள்ளி பன்னிரண்டரை, மூதூர். அருமையான திட்டம்! நினைவூட்டல் வைத்துவிட்டேன்."

றஹீமா திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தாள். "ஆரு மெடம் அது?"

"கார்."

"இது ஆருக்குச் சொல்லும்?"

"ஒருத்தருக்கும் சொல்லாது." ஜெ. சொன்னதை நான் சொன்னேன்.

ஆஸ்பத்திரி வரை அவள் பின் சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவளை இறக்கிவிட்டு, அதை நிறுத்தும் சுவிச்சைத் தேடினேன். சத்தத்தைக் குறைக்கலாம். காதை மூட வழி வைக்கவில்லை.

நவம்பர் 12, புதன்

அலுவலக வட்ஸ்அப் குழுவில் காலையிலேயே: "வெள்ளி 12.30. குறிஞ்சாக்கேணி – மூதூர். குடும்பச் சுற்றுலா. வாகனம் ஒதுக்கப்பட்டது." பக்கத்தில் ஒரு பூ.

அந்தக் கார் ஜெ.யின் போனுக்குச் சொல்கிறது. போன் குழுவுக்குச் சொல்கிறது. குழுவில் வேலையை விட்டுப் போனவர்கள்கூட இருக்கிறார்கள்.

ஜெ.யின் அறைக்குப் போனேன்.

"பேர் ஒண்டும் போடேல்லைத்தானே அக்கா."

"குறிஞ்சாக்கேணியில இருந்து எங்களிட்ட வாறது ஒராள்தான்."

"சரி, அழிச்சுவிடுறன். பிரைவசி செற்றிங் எல்லாம் போட்டுத்தான் இருக்கு. சும்மா பயப்பிடுறீங்கள். வெள்ளிக்கிழமை நானே காரைக் கொண்டுபோறன், பாருங்கோ."

"போங்கோ" என்றேன். இனி யாருக்கும் ஒன்றும் சொல்வதாக இல்லை.

றஹீமாவின் போனைப் புருஷன் பார்ப்பான். கோல் எடுக்க ஏலாது. நேரில்தான் போகவேண்டும்.

நவம்பர் 13, வியாழன்

முதல் பஸ். பாலர் பாடசாலை வாசலில் நின்றேன். பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு றஹீமா திரும்பினாள். சொன்னேன்: நாளும் தெரிந்துவிட்டது, இடமும் தெரிந்துவிட்டது. இப்போதே, வேறு இடம்.

என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "மெஷின்?" என்று மட்டும் கேட்டாள்.

"பஸ்ஸில ஏலாது. வீட்டுக்குப் போகவும் ஏலாது."

முறிந்த கையை மற்றக் கையால் பிடித்தபடி நின்றாள். உள்ளேயிருந்து டீச்சர் பிள்ளையைக் கூட்டிவந்தார். எங்கள் இருவரையும் பார்க்காமல், "புள்ளைக்குக் காய்ச்சல் போல இரிக்கி. கூட்டிப்போங்க" என்றார். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை.

தண்ணீர்ப் போத்தல், புத்தகப் பை. அவ்வளவுதான் சாமான். பஸ்ஸில் ரேடியோ அலறியது. அது யாரையும் ஒட்டுக் கேட்காது, தான் மட்டும் கத்தும். நல்ல சாதனம்.

எங்கே கொண்டுபோய் விட்டேன் என்பதை இதிலும் எழுதப்போவதில்லை.

நவம்பர் 14, வெள்ளி

வானம் மப்பு. மழை இல்லை.

இரண்டு மணிக்கு ஜெ. திரும்பி வந்தார். சேட் முழுக்க வியர்வை. றஹீமாவின் புருஷன் ஜும்மாவுக்குப் போகவில்லையாம். தம்பிமாரோடு வீட்டு ஒழுங்கை முகப்பில் நின்றானாம். கார்க் கதவைத் திறந்து பின் சீட்டைப் பார்த்திருக்கிறார்கள், டிக்கியைப் பார்த்திருக்கிறார்கள். அந்த நேரம் கார், "வணக்கம்! மூதூருக்கு எத்தனை பேர்?" என்றதாம்.

"அவன்ர போனில எங்கட குறூப் மெசேஜ் அக்கா. பூவோட. ஆர் குடுத்ததெண்டு தெரியேல்ல."

"அழிக்கிறனெண்டு சொன்னீங்கள்."

"அழிச்சனான்தானே!" தண்ணீர் குடித்தார். "இந்தச் சனியன்ர வாயை எப்பிடி மூடுறது?"

"நம்பச் சொன்னவரிட்டக் கேளுங்கோ."

போகும்போது வாசலில் நின்று, வேறெதையோ சொல்வதுபோலச் சொன்னார்: அந்த வீட்டு முற்றத்தில் ஒரு தையல் மெஷின் கிடந்ததாம். தலை தனியாக, கால் தனியாக. பக்கத்தில் கோடாலி.

பின்னேரம் றஹீமாவிடம் போனேன். மெஷின் எப்போது வரும் என்று கேட்டாள். பார்ப்போம் என்றேன்.