ஹெட்போனின் பாஸ்வேர்டு

ஜூன் 3, செவ்வாய்

ஆபீஸில் எல்லாக் கணினிக்கும் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டாயிற்று. முதலாளியம்மாவுக்கு ஒரே குஷி. இனிமேல் பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாமாம். நான் எழுதும் கார்ட்டூன் வசனங்களைப் பேசிப் பதிவுசெய்தவுடன் எல்லாம் சவுண்டு அறைக் கணினியில் ‘குரல்கள்’ ஃபோல்டருக்குப் போய்விடும். நான் இருந்த இடத்திலிருந்தே ஃபைல் மேனேஜரில் ‘நெட்வொர்க்’கை அழுத்தி, அதற்குள் நுழைந்து கேட்கலாம். படத்தில் அணில் வாயை மூடிய பிறகும் என் வசனம் ஓடிக்கொண்டிருந்தால் வெட்டலாம்.

அழுத்தினேன். வெள்ளைவெளேரென்று ஒன்றுமே இல்லை.

ஜூன் 5, வியாழன்

ஹெட்போன் வந்து சரிசெய்தார். சவுண்டு இன்ஜினியர்தான், தலையில் அது இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை என்பதால் எனக்கு அவர் ஹெட்போன். மேலே முகவரிக் கட்டத்தில் ஏதோ தட்டினார், அவருடைய கணினி பொசுக்கென்று வந்து நின்றது. திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. அதற்குக் கீழே மூன்று வழிகள்: உடனே மறந்துவிடு, வெளியேறும்வரை நினைவில் வை, என்றும் நினைவில் வை. கணினி கேட்கிற கேள்வியா இது!

“பாஸ்வேர்டைச் சொல்லுங்க சார், நானே போட்டுக்கிறேன்.”

“வேணாம் மேடம். கூப்பிடுங்க, நான் வந்து போட்டுத் தரேன்.”

முதுகால் மறைத்துக்கொண்டு தட்டினார். ‘உடனே மறந்துவிடு’வை அழுத்தினார்.

ஆறு மணிக்குக் கிளம்பும்போது தினமும்போல அவர் அறை வாசலில் நின்று “வரேன்” என்றேன். தினமும்போலத் திரும்பவில்லை. சுவரிடம் சொல்லியிருந்தால் எதிரொலியாவது வந்திருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

தொடர்பு அறுந்தால் மறுபடி பாஸ்வேர்டு. இன்று நாலு தடவை. நாலு தடவையும் எழுந்து வந்தார், மறைத்தார், தட்டினார், போனார். ஒரு முகச்சுளிப்பு கிடையாது. இஸ்திரி போட்ட சட்டை மணம் — இதை எதற்கு எழுதுகிறேன்?

தங்கை கேட்கிறாள்: “அக்கா, வீட்டுக்கு வந்ததும் வராததுமா அந்த மனுஷனைத்தான் திட்டுற. என்ன விஷயம்?”

ஒரு விஷயமும் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

கேட்டேவிட்டேன். “நான் என்ன திருடியா சார்? என்னை நம்பி ஒரு பாஸ்வேர்டு கொடுக்க முடியாதா?”

“ஐயோ, அப்படி இல்ல மேடம்...” அவருக்கு வேர்த்து வழிந்தது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவரை எனக்குப் பிடிச்சிருக்கு, அதான் இவ்வளவு கோவம். எழுதிட்டேன், போ. ஆனா பிடிச்ச மனுஷன் என்னை நம்பலையே. இன்னிக்கு ‘வரேன்’னு சொல்லாமலே வந்துட்டேன்.

ஜூன் 16, திங்கள்

இன்றும் சொல்லவில்லை. அவர் அறைக் கதவு வழக்கத்துக்கு மாறாக அகலத் திறந்திருந்தது. ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. காதில் வலியோ என்னவோ.

ஜூன் 18, புதன்

இதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவருடைய அம்மாவுக்கு நேற்று கண் ஆபரேஷன், அவர் லீவு. பார்த்து இன்றைக்கென்று அணில் படத்தின் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் ஒலிப்பதிவு கைக்கு வராவிட்டால் வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விடுவார்களாம். முதலாளியம்மா முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பாஸ்வேர்டு இல்லாமல் ஃபோல்டர் திறக்காது. போன் போட்டேன்.

“சார், பாஸ்வேர்டு சொல்லுங்க.”

தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, “வரேன்.”

“நீங்க ஏன் சார் வரணும்? அம்மாவைப் பாருங்க. பாஸ்வேர்டை மட்டும் சொல்லுங்க.”

“அதான் மேடம்... வரேன். ஆறு.”

“ஆறு மணிக்கா? அதுக்குள்ள இவங்க கிளம்பிடுவாங்க சார்!”

“ஐயோ மேடம், பாஸ்வேர்டே அதுதான்! இங்கிலீஷ் எழுத்துல வரேன், பக்கத்துல ஆறு!”

தட்டினேன். திறந்துகொண்டது. அணிலின் குரல் வந்தவர்கள் கைக்குப் போனது, முதலாளியம்மா எல்லோருக்கும் ஜூஸ் வாங்கித் தந்தார். பாதி குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

வரேன். ஆறு.

தினமும் ஆறு மணிக்கு அந்த வாசலில் நின்று நான் சொல்வது. காதில் விழுந்திருக்கிறது! அத்தனை நாளும் விழுந்திருக்கிறது!

தங்கையிடம் சொன்னேன். கட்டிலில் விழுந்து புரண்டாள், கழுதை.

ஜூன் 19, வியாழன்

காலையில் தயங்கித் தயங்கி என் மேஜைக்கு வந்தார். “பாஸ்வேர்டை மாத்திடறேன் மேடம்.”

“மாத்தித்தான் பாருங்களேன்.”

அவர் முன்னாலேயே ‘குரல்கள்’ ஃபோல்டரை அழுத்தினேன். பாஸ்வேர்டு கேட்டது. நானே தட்டி, கீழே மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன். என்றும் நினைவில் வை. பார்த்துக்கொண்டே நின்றார்.

“நேத்து போன்ல கத்தினேன்ல? அம்மா பக்கத்துலதான் படுத்திருந்தாங்க. எங்கடா போறன்னு கேட்டாங்க. எல்லாத்தையும் சொல்ல வேண்டியதாப் போச்சு.”

“எல்லாத்தையுமா?”

“ம். நேத்து சாயந்தரம் கட்டுப் பிரிச்சிட்டாங்க. உங்களைப் பார்க்கணுமாம். ஞாயித்துக்கிழமை... வீட்டுக்கு...”

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. வசனம் எழுதுகிறவள் நான், மீதியை எடுத்துக் கொடுத்திருக்கலாம். மாட்டேன். முழுசாகச் சொல்லட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“வருவீங்களா?”

“வரேன்.”

அப்போது மணி பத்துகூட ஆகவில்லை.