மூன்றாம் எண் அறையின் குளியலறைக் கதவு

என் செல்லச் சின்னவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், உங்கப்பா சௌக்கியம், உன் அண்ணன் வீட்டிலும் எல்லோரும் சௌக்கியம், தையல் மெஷினுக்கு மட்டும் பெல்ட் அறுந்து நேற்றுத்தான் புதிது மாற்றினேன். நீயும் அங்கே சளி காய்ச்சல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி இருப்பாய் என்று நம்புகிறேன், தூக்கத்தை மட்டும் நம்பவில்லை. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது, உட்கார்ந்து முழுதாகப் படி. ஒரு பெரிய சங்கதி இருக்கிறது, மூன்று நாளாக எனக்குத் தலைகால் புரியவில்லை, முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைப் படிக்க மாட்டாய், அதனால் வரிசையாகத்தான் சொல்லப்போகிறேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே.

உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். நம் பக்கத்தில் வெளியூரிலிருந்து மட்டும் நாற்பத்திமூன்று பேர் வருகிறார்கள், அவர்களுக்குப் பதினாறு அறை. கல்யாணத்தைப் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார் என்று சொன்னவர்கள் லாட்ஜில் அறை பிரித்துப்பார் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சட்டை வெட்டும் பழுப்புத் தாளைத் தரையில் விரித்து, கட்டம் போட்டு, சாக்பீஸால் யார் எந்த அறை என்று எழுதினேன், எழுதி அழித்து எழுதி அழித்துத் தாளே ஓட்டையாகிவிட்டது. உங்கப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர் இல்லையா, "வர்ற வரிசையில ஏத்திடு, இறங்க வேண்டிய இடத்துல அவங்களே இறங்கிக்குவாங்க" என்று யோசனை சொன்னார், அவரை வாசலில் போய் உட்காரச் சொன்னேன். குறட்டை மாமாவுக்கு லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்து அறை, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளட்டும். ஊர்ச் செய்தி முழுதும் வாயில் வைத்திருக்கும் ரேடியோ சித்திக்கு அடுத்த அறையில் காது மந்தமான என் பெரியப்பாவைப் போட்டேன், இரண்டு பேருமே சந்தோஷமாக இருப்பார்கள். இதெல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. தாளில் ஒரு கட்டம் மட்டும் நாள்கணக்கில் காலியாகவே கிடந்தது, அது யாருக்கென்று உனக்குத் தெரியும்.

நீ துணியைப் பற்றிக் கேட்கவில்லை, சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, ஒவ்வொரு தடவையும் "அத்தை வருவாங்களாம்மா" என்றுதான் கேட்டாய். நான் ஒவ்வொரு தடவையும் பேச்சை மாற்றினேன். உன் அண்ணன் கல்யாணத்தில் நடந்ததை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய், அப்போது உனக்குப் பரீட்சை, நீ முகூர்த்த நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தாய். அப்போதும் அறை பார்த்தவள் நான்தான். லிஃப்ட் இருக்கிறது என்று அவர்கள் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, சக்கர நாற்காலியில் வருகிற உன் அத்தைக்கு மூன்றாவது மாடியில் அறை போட்டேன். அன்றைக்கென்று லிஃப்ட் ஓடவில்லை. உங்கப்பா தன் பஸ் டெப்போ நண்பர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, தங்கச்சியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மூட்டை தூக்குகிற மாதிரி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி போன் எக்ஸ்சேஞ்சில் பத்து பேரை வைத்து வேலை வாங்குகிறவள், தானே உருட்டிக்கொண்டு தாழ்தளப் பஸ் ஏறி வேலைக்குப் போகிறவள், அத்தனை சொந்தக்காரர் முன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலே போனால் குளியலறை வாசலில் நாற்காலி நுழையவில்லை, அதற்கும் இரண்டு பெண்கள் பிடிக்க வேண்டியிருந்தது. மறுநாள் காலை லிஃப்ட் ஓட ஆரம்பித்ததும், கல்யாணத்துக்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டாள். நான் அவளுக்கென்று தைத்துக் கொடுத்த முழுக்கை நீலச் சட்டையை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். நாலு வருஷமாக அது என் பீரோவில்தான் இருக்கிறது. நாத்தனார் கோபம் எனக்குப் புதிதில்லை, ஆனால் இது கோபமில்லை, என் மேல் தப்பு, அது எனக்கு அன்றே தெரியும்.

இந்தத் தடவை விடக்கூடாது என்று, பத்திரிகை கொடுக்க அவள் வீட்டுக்குப் போனபோது, அவள் சோபாவில் மாறி உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து இஞ்ச் டேப்பை எடுத்து நாற்காலியைத் திருட்டுத்தனமாக அளந்துகொண்டேன், ஒரு சக்கரத்து ஓரத்திலிருந்து அடுத்த சக்கரத்து ஓரம் வரை இருபத்தைந்தரை இஞ்ச். கல்யாணத்துக்கு வருவாயா என்றதற்கு "பார்க்கலாம் அண்ணி" என்றாள். அவள் பார்க்கலாம் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். ஊருக்குத் திரும்பியதும் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன், மண்டபத்தைச் சுற்றி ஏழு லாட்ஜ். அறையைக் காட்டுங்கள் என்பேன், அவர்கள் கட்டிலைக் காட்டுவார்கள், டிவியைக் காட்டுவார்கள், நான் நேரே குளியலறைக்குப் போய் வாசலை அளப்பேன். ஓரிடத்தில் நகராட்சி ஆள் என்று நினைத்து மேனேஜர் எனக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார், உங்கப்பா அவர் பங்குக்கு இரண்டு குடித்தார். எல்லா இடத்திலும் இருபத்திரண்டு, இருபத்திமூன்று, அதற்கு மேல் இல்லை. ஏழாவது லாட்ஜில் தரைத்தளத்தில் மூன்றாம் எண் அறை, இருபத்தாறு! அரை இஞ்ச் மிச்சம்! அங்கேயே கையைத் தட்டிவிட்டேன். பதினாறு அறையையும் அங்கேயே போட்டு, வெளியே வந்ததும் அத்தைக்குப் போன் பண்ணி, உன் நாற்காலி இவ்வளவு, வாசல் இவ்வளவு, ஒருத்தர் உன்னைத் தொட வேண்டாம் என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "கைக்கு எவ்வளவு விட்டீங்க அண்ணி?" சக்கரத்தை உருட்டுகிற கை சக்கரத்துக்கு வெளியில் அல்லவா இருக்கிறது! இருபத்தெட்டு வருஷமாகத் தைக்கிறேன், சின்னக் குழந்தை கவுனுக்கும் கை அசைய இடம் விடாமல் கத்தரி வைத்ததில்லை, இந்த வாசலுக்கு மட்டும் உடம்பளவை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், நான் ஆனையும் இல்லை. "பரவால்ல அண்ணி, இவ்வளவு அலைஞ்சீங்களே, நான் இங்கிருந்தே வாழ்த்து சொல்லிடறேன்" என்று அவள் சாந்தமாகச் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்து வெட்டு மேஜை மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன், உங்கப்பா காபி போட்டு வந்து வைத்தார்.

அழுது முடித்ததும் எனக்கு வீம்பு வந்துவிட்டது. மருந்துக்கடையில் ஒரு சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுத்து, உங்கப்பாவை ஆட்டோவில் தூக்கி வைக்கச் சொல்லி, மறுநாளே அந்த லாட்ஜுக்குப் போனேன். லாட்ஜ்காரம்மா நல்ல மனுஷிதான், ஆனால் கறார். ஒரு நாள் கல்யாணத்துக்காகக் கதவைப் பிடுங்க முடியுமா என்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன், நானே உருட்டிக்கொண்டு குளியலறைக்குப் போனேன், வாசலில் இரண்டு கை விரல் முட்டியிலும் தோல் உரிந்தது. பிறகு இறங்கிக்கொண்டு, "நீங்க ஒரு தரம் உட்காருங்கம்மா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தார். வாசலில் அவர் மோதிரக்கை நிலையில் இடித்து மாட்டிக்கொண்டது, முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை, உங்கப்பா பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி "வரட்டும் வரட்டும்" என்று சொல்லி வெளியே இழுத்தார். அந்தம்மா விரலைத் தடவிக்கொண்டே தச்சரைக் கூப்பிடச் சொன்னார். கதவையும் நிலையையும் கழற்றியாயிற்று, வாசற்படி மேட்டுக்குச் சரிவுப் பலகை போட்டாயிற்று. கதவுக்குப் பதில் நான் திரை தைத்தேன், இரட்டைத் துணி, காற்றில் பறக்காமல் இருக்க அடி மடிப்பில் கனம் வைத்து, உள்ளிருந்து கட்டிக்கொள்ள நாடா வைத்து. எல்லாம் முடிந்ததும் உங்கப்பா, இருபத்தெட்டு வருஷமாக என் டேப்பைத் தொடாத மனிதர், அதை வாங்கி வாசலைத் தானே அளந்தார். "முப்பத்தொண்ணு" என்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் அளந்தார்.

அதைப் படம் பிடித்து அத்தைக்கு அனுப்பினேன், டேப்பில் எண் தெரிகிற மாதிரி. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்று நாளைக்கு முன்னால் காலையில் போன் வந்தது. எடுத்ததும், "அண்ணி, அந்த நீலச் சட்டை இருக்கா, யாருக்காவது குடுத்துட்டீங்களா?" என்றாள். இருக்கிறது என்றேன். "அதைத்தான் போட்டுக்கப் போறேன். ஆனா உருட்டி உருட்டி என் கை முன்ன மாதிரி இல்ல, தடிச்சுப் போச்சு, உள்ள நுழையாது" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, போனைப் பிடித்துக்கொண்டே பீரோவைத் திறந்தேன். வருகிறாள், உன் அத்தை வருகிறாள்! ஒரு நாள் முன்பே தனியாக வருகிறாள், துணைக்கு யாரும் வேண்டாமாம், இரண்டாவது கட்டிலில் நீ படுத்துக்கொள்ள வேண்டுமாம், அவ்வளவுதான் அவள் கேட்டது. காலிக் கட்டத்தில் அவள் பேரையும் உன் பேரையும் மை பேனாவால் எழுதிவிட்டேன், இனி அழிக்க முடியாது.

நீ பத்திரமாக வந்து சேர், வழியில் வெறும் வயிற்றோடு இருக்காதே, இரண்டு பெட்டிக்கு மேல் கொண்டுவராதே. உன் அளவை உடனே எடுத்து அனுப்பு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எடுக்காதே, போன தடவை அப்படி எடுத்து அனுப்பி நான் பட்ட பாடு போதும். நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் மனசு நிறைந்து, ஒருவருக்கொருவர் தாராளமாக இடம் விட்டு வாழ வேண்டும் என்று நானும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம். அத்தைச் சட்டையின் கையை இன்று காலைதான் பிரித்தேன். பக்கத்துக்கு ஒரு இஞ்ச் துணி அப்போதே உள்ளே விட்டுத் தைத்திருக்கிறேன், எனக்கே மறந்துபோயிருந்தது. தாராளமாகப் போதும்.

இப்படிக்கு,
கழுத்தில் டேப்போடு உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா