அணியத்தில் நான்

மச்சான்,

எழுத்து கோணலாகக் கிடந்தால் பொறுத்துக்கொள். ஒரு வரிக்கு அரை மணித்தியாலம் எடுக்கிறது. ஆனாலும் இது என் கை, என் எழுத்து! பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வருகிறது.

உன்மேல்தான் கோபம்.

காலையில் பழைய மழைச்சட்டைப் பைக்குள் நான்காக மடித்த தாள் ஒன்று அகப்பட்டது. ஜெர்மனியில் மார்க் காசு போய் ஈரோ வந்த வருடம், பவேரிய மலையாறு ஒன்றில் இறப்பர் படகு விட நீ போட்ட திட்டம். கெல்சென்கிர்ச்சனில் உன் குசினி மேசையைச் சுற்றி ஆறு பேர் இருந்தோம். அதே தாளில் ஆளுக்கொரு படி தந்தாய்.

"கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன், நீயே வாசி" என்றேன், வழக்கம்போல.

"காலமை தண்ணி மட்டம் பாக்கிறது. எட்டு மணிக்கு இறங்கிறது. அணை எண்டு டொச்சிலை எழுதின பலகையைக் கண்டால் உடனை கரைக்கு வாறது" என்று வாசித்தாய். பிறகு, "அணியத்திலை நீதான் மச்சான். மன்னார்க் கடலிலை தண்டு வலிச்சவனுக்கு இந்த வாய்க்கால் என்ன?" என்றாய்.

அணியம், படகின் முன்முனை. வருவதை முதலில் காண்பவனின் இடம். எல்லோரும் சிரித்தார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நானும் சிரித்தேன்.

அடுத்த மாதம் உன் நெஞ்சு நின்றது. பயணமும் நின்றது.

போன வருடம் மனைவி எனக்கு ஆனா எழுதப் பழக்கினாள். பஸ் பலகைகளைப் பார்த்து டொச் என்கிற ஜெர்மன் எழுத்தும் பிடித்துக்கொண்டேன். யாருடைய துணையும் இல்லாமல் நான் முழுதாக வாசித்த முதல் தாள், இன்றைக்கு உன் தாள். என் பெயருக்கு நேரே எழுதியிருக்கிறாய்: "வாசிக்கத் தெரியாது. பலகையைத் தவறவிட்டால் எல்லோரும் அணைக்குள். சாப்பாட்டுப் பெட்டியோடு கரையில் நிற்கட்டும். அவரிடம் சொல்ல வேண்டாம்."

மற்ற நாலு பேரும் தெரிந்துகொண்டுதான் சிரித்தார்கள். எனக்கும் ஒரு படி தந்தாயே, அதுதான் பொறுக்க முடியவில்லை. "உன்னாலை ஏலாது, போய்ப் படி" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அன்றே தொடங்கியிருப்பேன். நீ உயிரோடு இருக்கும்போதே உனக்கு ஒரு வரி எழுதியிருப்பேன்.

வருகிற ஞாயிறு நாங்கள் ஐவரும் அதே ஆற்றுக்குப் போகிறோம். அன்று மேசையில் கூட இருந்த உன் தம்பிதான் பயணத்தை ஒழுங்கு செய்கிறான்; அவனுக்கு உடனே தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, நீங்கள் கரையிலை நிண்டு சாப்பாட்டைப் பாருங்கோவன்."

"சாப்பாட்டை நீ பார். அணியத்திலை நான். பலகையை நானே வாசிப்பன்."

"ஓம் அண்ணை" என்றான்.

அன்று என்னை முன்னால் இருத்தியிருந்தால் எல்லோரையும் அணைக்குள் விட்டிருப்பேன். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் கோபம் ஆறவில்லை. நீ பொய்யாக வாசித்துத் தந்த இடத்தில் ஞாயிறு நான் உண்மையாகவே இருப்பேன்.

கை நோகிறது. உன்னைத் திட்ட இன்னும் எவ்வளவோ கிடக்கிறது. அடுத்த கிழமை, கை ஆறினதும் மிச்சத்தையும் திட்டி எழுதுவேன்.