பனி இருக்கும்போதே

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நீ அலைந்து வாங்கிய அனுமதிக் கடிதம் வந்தது. மலையில் நம் சனங்கள் தீ வைக்கக் கூடாதென்று தடுத்து நாற்பது வருஷம். அப்பா எந்த மேட்டைக் கொளுத்தி ஜெயிலுக்குப் போனாரோ, அதே மேட்டை வியாழக்கிழமை நீ வேலை பார்க்கிற காட்டிலாகாவின் முத்திரையோடு கொளுத்தப் போகிறோம். உன் அத்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை. இப்போது புல்லின் அடியில் ஈரம் இருக்கிறது. தீ ஊர்ந்துதான் போகும், பின்னாலேயே வெறுங்காலோடு நடக்கலாம். சருகு இப்போதே எரிந்துவிட்டால் கோடையில் பெருந்தீ வராது. நீயும் வாயேன்டா.

உன் அக்கா

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

வியாழக்கிழமை வேண்டாம். பெரிய அதிகாரி நேரில் பார்க்க வேண்டுமாம். பிப்ரவரி ஆறாம் தேதிதான் அவருக்கு நேரம் ஒழிகிறது. அவர் பார்த்துவிட்டால் மலையில் எல்லா ஊருக்கும் அனுமதி கிடைக்கும், எனக்கும் பதவி உயர்வு. அத்தான் முணுமுணுப்பார். எனக்காகப் பொறுத்துக்கொள்ளச் சொல்.

தம்பி

ஜனவரி 30

அன்புள்ள தம்பிக்கு,

பொறுத்தோம். பனி நின்று நாலு நாளாகிறது. அத்தான் புல்லைப் பிடுங்கிக் கசக்கினார், பொடியாக உதிர்ந்தது. “இந்த வருஷம் வேணாம், அடுத்த பனிக்குப் பாத்துக்கலாம்” என்கிறார். நாலு பேர் முன்னால் தம்பி தலை குனியக் கூடாதென்று நான்தான் பிடிவாதம் பிடிக்கிறேன். வேண்டாமென்றால் ஒரு வரி போடு, விட்டுவிடுகிறோம்.

அக்கா

பிப்ரவரி 2

அக்கா,

சின்னத் துண்டாகக் கொளுத்தினால் போதும். தண்ணீர் லாரி வரும். பயப்படாதே.

தம்பி

மார்ச் 3

தம்பிக்கு,

நீ அழுதுகொண்டே எழுதிய மூன்று கடிதங்களும் வந்தன. நானும் அழுதேன். லாரி பாதி வழியிலேயே நின்றுவிட்டது. காற்று திரும்பியதும் அத்தான் எல்லாரையும் ஓடைக்குள் தள்ளிவிட்டுக் கடைசியாக ஓடிவந்தார். வந்து சேரவில்லை. அவர் வேண்டாமென்றார், நான்தான் கேட்கவில்லை. அது என் பாவம், உன் தலையில் கட்ட மாட்டேன்.

ஆனால் உன் அறிக்கையை வாசித்துக் காட்டினார்கள். அறிவுரையை மீறி ஊரார் காலம் தவறிக் கொளுத்தினார்களாம். கீழே உன் கையெழுத்து. உன் கையைப் பிடித்து அதைப் பழக்கியவளே நான்தானேடா. அனுமதியையும் ரத்து செய்துவிட்டார்கள்.

உன் ஜனவரி, பிப்ரவரிக் கடிதங்கள் இரண்டும் பெட்டியில் இருக்கின்றன. திங்கட்கிழமை விசாரணையில் கொடுக்கப் போகிறேன். உன் வேலை போய்விடும், தெரியும். கொடுக்காவிட்டால் அடுத்த பனிக்கும் கொளுத்த விடமாட்டார்கள். ஒரு கோடையில் ஊரே போய்விடும்.

வேலை போனால் வீட்டுக்கு வா. உன் தட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கொளுத்தும்போது அத்தான் நிற்கிற இடத்தில் ஆள் இல்லை, நீ நில். சோறு போடுவேன். பேச மாட்டேன்.

அக்கா