கடா வெட்டுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை

மாப்ள,

விரலிடுக்கில் சந்தன வாசம் இன்னும் போகவில்லை. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதியில் பூசாரி கொடுத்த சந்தனம். உன் அம்மாவோடு இன்று காலை அங்கே போய்விட்டு வந்தேன். எதற்கு என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

இரண்டு வருடத்துக்கு முந்தின அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்குமா? ஜேசிபி ஓட்டுகிற ஆள் நீ. உன் மீசையைப் பார்த்தாலே உங்கள் தெருச் சின்னப்பிள்ளைகள் ஒதுங்கி நிற்கும். அப்பேர்ப்பட்டவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "மாப்ள, ஒரு முள்ளம்பன்றிப் படம் வந்திருக்காம்டா. பொம்மப் படம். போவமா?" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ கோபிக்கவில்லை. "அதுலதான்டா யாரும் யாரையும் வெட்ட மாட்டாய்ங்க" என்றாய். ரத்தத்தைக் கண்டால் உனக்குத் தலை சுற்றும் என்பது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

இருபத்துநாலு வயதில் பொம்மைப் படத்துக்குப் போகிறோம் என்று வீட்டில் சொன்னால் மானம் போய்விடும். அதனால் பொய்யை நான்தான் ஜோடித்தேன். என்னோடு வேலை பார்க்கிறவர் வீட்டுக் கடா வெட்டு, அழகர்கோவிலில், கருப்புக்கு நேர்ந்துவிட்டது. நீ முகம் சுண்டி நின்றாய். "கருப்பு பேரச் சொல்லிப் பொய் வேணாம்டா. வேற ஏதாச்சும் சொல்லு, பயமா இருக்கு." நான் உன் முதுகில் தட்டி, "பொம்மப் படத்துக்கெல்லாம் சாமி கேஸ் எடுக்காது, வாடா" என்றேன். அந்த வாயை இரண்டு வருடமாக நொந்துகொண்டிருக்கிறேன்.

மேட்னி ஷோ. சுற்றிலும் பிள்ளைகளோடு வந்த குடும்பங்கள், நடுவில் நாம் இரண்டு தடிமாடுகள், மூக்கில் 3டி பிளாஸ்டிக் கண்ணாடி. அப்பா முள்ளம்பன்றி, முள் குத்திவிடக் கூடாதென்று உடம்பில் மெத்தையைச் சுற்றிக்கொண்டு பிள்ளையைக் கட்டிப்பிடிக்க வரும் இடத்தில் நீ சிரித்த சிரிப்பில் பாப்கார்ன் பறந்தது. முன்சீட்டுச் சிறுமி திரும்பி, "அங்கிள், கொஞ்சம் சத்தம் போடாம பாருங்க" என்றாள். உனக்கு விக்கலே வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் படமும் பார்த்ததில்லை, மாப்ள. இன்றுவரை.

வெயில் தாழ்ந்ததும் என்னைத் திருநகரில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "வாரேன்டா" என்று கிளம்பினாய். பைபாஸில் நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் உன் பைக் மோதியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போதே உயிர் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் உன் சித்தப்பா என் சட்டையைப் பிடித்து, "கடா வெட்டுல குடிச்சானாடா?" என்று கேட்டார். நீ ஒரு சொட்டுத் தொட்டவனில்லை. நான் தலையைக் குனிந்து நின்றேன். கருப்பு பெயரைச் சொன்ன பொய்தான் உன்னை வாங்கிவிட்டது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. என் மௌனத்தை அவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். துஷ்டி வீட்டிலேயே நீ குடிகாரனாகிவிட்டாய். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் உங்கள் தெருப்பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்.

போன வாரம் உன் அம்மா போன் செய்தார்கள். "அய்யா, கருப்புகிட்டப் போயி மன்னிப்புக் கேக்கணும். அவன் கூட இருந்தவன் நீதான், வந்து நில்லு." வர மாட்டேன் என்று சொல்லவும் பயம், போகவும் பயம்.

கருப்பாகவே கும்பிடுகிற அந்தச் சாத்திய கதவுக்கு முன்னால் நின்றோம். அம்மா சேலைத் தலைப்பை ஏந்தி, "சாமி, எம் மகன் ஒன் பேரச் சொல்லிப் போயி குடிச்சுப்புட்டான். அறியாப் பய. மன்னிச்சு விட்ரு" என்றார்கள். இப்போதும் வாயைத் திறக்காவிட்டால் அந்த இடத்திலேயே விழுந்து செத்துவிடுவேன் என்று தோன்றியது.

"அவன் குடிக்கலம்மா. நாங்க இங்க வரவே இல்ல. பொம்மப் படத்துக்குப் போனோம். பொய் சொன்னது நாந்தான்."

அம்மா என்னை வெறித்துப் பார்த்தார்கள். பிறகு தோளில் ஓங்கி ஓர் அடி. "ரெண்டு வருசமா வாயில என்னத்தடா வச்சிருந்த? அவன் போட்டோவப் பாத்து நான் வையாத வசவு இல்லையேடா!" பூசாரி ஓடி வந்தார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் உட்கார்ந்தேன். இன்னும் நாலு அடி விழட்டும் என்று காத்திருந்தேன்.

பூசாரி நகர்ந்த பிறகு அம்மா மெதுவாகக் கேட்டார்கள்: "பொம்மப் படமா?"

"ஆமாம்மா."

"சிரிச்சானாய்யா?"

விக்கலைச் சொன்னேன், மெத்தையைச் சொன்னேன், அந்தச் சிறுமியைச் சொன்னேன். அம்மா ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "அந்த மாதிரி ஒரு படத்துக்கு என்னையக் கூட்டிட்டுப் போறியா?" என்றார்கள்.

வருகிற ஞாயிறு மேட்னிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். கருப்பிடம் எனக்கிருந்த பயம் இன்றோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், அது இருக்கிறது. இப்போது அதற்கு மேல் ஒன்று. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் என்னையறியாமல் சிரித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, மாப்ள. அரங்கமே சிரிக்கிற இடத்தில், நீ எங்கே சிரித்திருப்பாய் என்று அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்களே, அதற்கு இன்னும் பயமாக இருக்கிறது.