நாலு கதவு என்று முதலில் சொன்னவனுக்கு

இன்று முதல் ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும், போன் கேமரா மேல் செக்யூரிட்டி ஒட்டியிருந்த வட்ட ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். பசை விரலில் ஒட்டிக்கொண்டது. அதைத் தேய்த்துக்கொண்டே நம் கார் குரூப்பைத் திறந்தால் நானூறு செய்திகளுக்கு மேல் குவிந்திருந்தன. மரங்கொத்தி கம்பெனியின் புது காரைக் காட்டிவிட்டார்கள், மச்சி. யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணில் பட்ட முதல் படமே போதுமாக இருந்தது. நாலு கதவு. கம்பெனி பஸ் ஒரகடம் கூட்டு ரோட்டைத் தாண்டும்வரை அந்த ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குரூப்பில் ஒரே ஒப்பாரி. "இது காரா, கல்யாண வேனா?" என்று ஒருவன். "மரங்கொத்தின்னு பேர வச்சிக்கினு வாத்து மாதிரி கீது" என்று இன்னொருவன். "செத்த கம்பெனிய எழுப்பி மறுபடி சாவடிச்சிட்டானுங்க" என்று மூன்றாமவன். "குடும்பத்தோட போலாமே, நல்லாத்தானே கீது" என்று எழுதிய ஒரு அப்பாவியை எல்லோரும் சேர்ந்து கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். நான் குன்றத்தூரில் இறங்குவதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டரே தயார். நடுவில் மரங்கொத்தியின் அந்தப் பழைய இரண்டு கதவு மஞ்சள் கார், அதற்கு ரோஜா மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே "ஆழ்ந்த வருத்தத்துடன்" என்று வரிசையாக எங்கள் முகங்கள். அட்மின் என்பதால் என் முகம் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் பெரிது.

நீ போனபோது இப்படி ஒரு போஸ்டர் போட யாருக்கும் தோன்றவில்லை. பத்துப் பதினைந்து கும்பிடும் கைகள் வந்தன, அவ்வளவுதான். அன்று சாயங்காலமே யாரோ டயர் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லி என்ன செய்ய? அட்மின் நானே சும்மாதான் இருந்தேன்.

வாலாஜாபாத் ரோட்டில் அந்த டீக்கடை இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் ஆட்கள் இன்னும் அங்கே கூடுகிறார்கள். கருப்பு வெள்ளைக் கோலம் ஒட்டி மூடிய சோதனை வண்டிகள் போகும்போது, அது எந்தக் கம்பெனியின் எந்த வண்டி என்று பந்தயம் கட்டுவார்கள். அங்கேதான் நீ முதல்முதலாக வந்து நின்றாய். சிங்கப்பெருமாள் கோவில் ரூமிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தாய். கோவில்பட்டிப் பக்கத்து ஆள், கதவு ரப்பர் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் என்று சொன்னாய். எல்லோரும் விளக்கையும் சக்கரத்தையும் பார்த்தபோது நீ மட்டும் கதவிடுக்கைப் பார்த்தாய். டீ குடிக்க நிறுத்தியிருந்த யாரோ ஒருவரின் காரில் கதவு ரப்பரைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, திட்டும் வாங்கினாய். "கதவு சாத்துத சத்தத்துலயே கம்பெனியச் சொல்லிப்புடுவேன் மாப்ள" என்று சிரித்தாய். நாங்கள் கண்ணை மூடச் சொல்லிச் சோதித்தோம். ஆறில் ஐந்தைச் சரியாகச் சொன்னாய்.

மரங்கொத்தி மேல் உனக்கு இருந்தது பைத்தியம். வெளிநாட்டில் எப்போதோ இழுத்து மூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி. அதன் சின்னத்தில் ஒரு மரங்கொத்தி. பள்ளிக்கூட நாளில் பழைய பேப்பர் கடையில் கிடைத்த அந்த மஞ்சள் காரின் படத்தை லேமினேஷன் செய்து ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தாய். நீ அதை நேரில் பார்த்ததில்லை. குரூப்பில் இருந்த இருநூற்றுச் சொச்சம் பேரில் ஒருவரும் பார்த்ததில்லை. யாரோ புது முதலாளி அந்தப் பேரை வாங்கி, மறுபடி கார் விடப்போகிறார் என்று செய்தி வந்தபோது நாம் ஆடிய ஆட்டம்! இரண்டே கதவு, தரையோடு தரையாக, அதே மஞ்சள் என்று ஆளாளுக்குப் படம் வரைந்து போட்டார்கள். நான்கூட ஒன்று வரைந்தேன். எருமை படுத்திருப்பது மாதிரி இருக்கிறது என்று நீ கேலி செய்தாய்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. டீ ஆறி ஆடை கட்டியது, நீ வாய் வைக்கவில்லை. என்னைத் தனியாகப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போனாய்.

"ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. நம்ம வண்டிக்கு ரப்பர் எங்க கம்பெனிலதான் ஓடுது."

"டேய், சூப்பரு! நெசமாவா?"

"பார்க்க வந்த வெள்ளக்காரன் கோட்டுல மரங்கொத்தி இருந்துச்சு. ஆனா மாப்ள, நாலு கதவுக்கு ஓடுது. அதுவும் அந்த உசரத்துக்கு ரப்பர்னா அது ஏறி உக்காருத வண்டி. குனிஞ்சு உக்காருத வண்டி இல்ல."

உன் கண் கலங்கியிருந்தது. எனக்கோ உன் மேல் கோபம் வந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று இருந்தது.

உன்னால் அதை அடக்கி வைக்க முடியவில்லை. கம்பெனி பேரை எழுதாமல், "ரொம்ப ஆசை வைக்காதிய, நாலு கதவுதான் வரும்" என்று மட்டும் குரூப்பில் போட்டாய். கொதித்துப்போனார்கள். ஷோரூமில் வேலை பார்க்கும் நம் பெரியவர், குரூப்பில் யாரும் எதிர்த்துப் பேசாத ஆள், "ரப்பர் ஒட்றவனுக்கு டிசைன் பத்தி இன்னாப்பா தெரியும்?" என்று எழுதினார். சிரிப்புப் பொம்மைகள் கொட்டின. நீ வாதாடவில்லை. "அட்மினுக்குத் தெரியும், கேளுங்க" என்று ஒரே ஒரு வரி எழுதினாய்.

இருநூறு பேரும் என்னைக் கேட்டார்கள். நான் உண்மையைச் சொன்னால் உன் வேலைக்கு ஆபத்து என்று ஒரு நல்ல காரணம் அப்போது கையில் இருந்தது. பிற்பாடு பல நாள் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அது பொய். பெரியவர் முன்னால் உன் பக்கம் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. அதைவிட, நீ சொன்னது உண்மையாக இருக்குமோ என்ற பயம். "வதந்தி பரப்பாதீங்க" என்று எழுதிவிட்டு உன்னைக் குரூப்பிலிருந்து எடுத்தேன். விரலால் ஒரு தட்டு, வேலை முடிந்தது. நீ போன் செய்யவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் டீக்கடைக்கு வரவில்லை. ரோஷக்காரன், தானாக வருவான் என்று இருந்துவிட்டேன்.

நம் குரூப்பில் காரைத் தவிர உருப்படியாக நடந்த காரியம் ஒன்றுதான். யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் ஒரு மெசேஜ் போதும். ஒருவன் மனைவிக்குப் பிரசவத்தில் தேவைப்பட்டபோது அரை மணி நேரத்தில் மூன்று பேர் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். அதில் நீயும் ஒருவன். உன்னுடையது அபூர்வமான ரத்த வகை, இப்போதைக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பியபோது உன் முகம் வாடியதை நான் பார்த்தேன்.

அது ஐப்பசி மழைக்காலம். சனிக்கிழமை மத்தியானம் லைனில் வேலை செய்துவிட்டுச் சாப்பிட வந்தபோது, போனில் உன் பேர் வந்திருந்தது. குரூப்பில் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்பாய் என்று நினைத்தேன். கொஞ்சம் கெஞ்சட்டும் என்று திறக்காமல் போனைப் பைக்குள் போட்டேன். அன்று கேன்டீனில் முட்டை போட்டார்கள். இரண்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை டீக்கடையில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டேதான் திறந்தேன். உனக்கு டெங்கு. தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றன, ஏபி நெகட்டிவ் ஆள் வேண்டும், குரூப்பில் ஒரு மெசேஜ் போடு என்று கேட்டிருந்தாய். நான் கத்திய கத்தலில் டீக்கடையே எழுந்து நின்றது. முதலில் பைக்கை எடுத்தது யார் தெரியுமா? அந்தப் பெரியவர். அவர் தம்பிக்கு ஏபி நெகட்டிவ். தம்பியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மழையில் முறுக்கினார். நாங்கள் நாலு பேர் பின்னாலேயே போனோம். பாதி தூரத்தில், உன்னோடு ரூமில் இருந்த பையனின் போன் வந்தது. "வேணாம்ணே... இனி வேண்டாம்ணே" என்றான்.

ஆஸ்பத்திரி வாசலில் உன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் அந்தக் கார் குரூப்பா? உங்களப் பத்தித்தான் எப்பவும் சொல்லுவான்" என்றார். நான் உன்னைக் குரூப்பிலிருந்து தூக்கியதை நீ வீட்டில் சொல்லவே இல்லை. முந்தின நாளே ஆள் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று டாக்டரிடம் கேட்டேன். "அப்படி உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்றார். பிழைத்திருக்க மாட்டாய் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு அது போதுமாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

இரண்டு வருடம் இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இன்று அந்தப் போஸ்டரில் என் முகத்தைப் பார்த்ததும் தாங்க முடியவில்லை. குரூப்பில் எல்லாவற்றையும் எழுதினேன். நாலு கதவு என்று நீ சொன்னது, எனக்கு அது தெரிந்திருந்தது, தெரிந்தே உன்னைத் தூக்கியது, உன் மெசேஜை ஒரு நாள் திறக்காமல் வைத்திருந்தது. பெரியவர் மட்டும் போன் செய்தார். மூச்சு மட்டும் கேட்டது, வைத்துவிட்டார். பிறகு ஒருவன் "விடு தல, அதெல்லாம் முடிஞ்ச கதை" என்று எழுதினான். புதிதாகச் சேர்ந்த ஒருவன் "யாரு அது?" என்று கேட்டான். அதற்குப் பதில் வருவதற்குள் பின்பக்க விளக்கின் படம் ஒன்று வந்து விழுந்தது. மறுபடி ஒப்பாரி தொடங்கிவிட்டது.

உன்னைத் திரும்பச் சேர்க்கலாம் என்று கிறுக்குத்தனமாக உன் நம்பரைத் தேடினேன். அதில் இப்போது ஏதோ ஒரு குழந்தையின் படம் இருக்கிறது. நம்பரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

உன் கடைசி மெசேஜை மட்டும் நான் அழிக்கவில்லை. ரத்தம் கேட்ட பிறகு அதில் இன்னும் ஒரு வரி இருந்தது. அதை டாக்டரிடமோ உன் அண்ணனிடமோ சொல்லவில்லை, இன்று குரூப்பில் எழுதவும் கை வரவில்லை. "காரப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டேன் மாப்ள, மெசேஜ் மட்டும் போட்டுரு."

உயிருக்குப் போராடும்போதும் இப்படி ஒரு வாக்குக் கொடுத்தால்தான் நான் உதவுவேன் என்று நினைத்திருக்கிறாய். நீ என்னைச் சரியாகத்தான் கணித்திருந்தாய், மச்சி. அந்தச் சனிக்கிழமை நான் அப்படிப்பட்ட ஆளாகத்தான் இருந்தேன்.